வைகைக் கரையில் திருச்சபை ஆண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நகரிலும் மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களிலும் சபைப் போதகரான ஆயரிடமும் கமிட்டியாரிடமும் வருடந்தோறும் வந்து விழுகிற கேள்விகள் இவை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்தை வைத்து எழுதியிருக்கிறோம். கத்தோலிக்கச் சபையாருக்குச் சில சொற்கள் மாறும்: லெந்து அவர்களுக்குத் தவக்காலம், குருசேகரம் அவர்களுக்குப் பங்கு.

இங்குள்ள சபைக்குப் பஞ்சாங்கம் இரண்டு. ஒன்று எருசலேமிலிருந்து வந்தது. மற்றது பெரியாறு, வைகைத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் நாளைப் பொறுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காத கமிட்டி, வயல் பச்சையாக நிற்கும்போது அறுப்பின் பண்டிகை வைத்துவிட்டு, பீடத்தில் கட்டுவதற்குக் கரும்பைக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கும்.

சபை ஆண்டு எப்போது தொடங்குகிறது? தேதிகளை நாமே கணக்கிட முடியுமா?

முடியும். இரண்டு நாள்களைப் பிடித்தால் போதும்.

முதலாவது கிறிஸ்துமஸ். அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அட்வெந்து. முதல் அட்வெந்து ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில்தான் வரும். அன்றுதான் சபை ஆண்டு பிறக்கிறது, ஜனவரி 1 அன்று அல்ல.

இரண்டாவது ஈஸ்டர். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஆகவே மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் போனால், லெந்து தொடங்கும் சாம்பல் புதன். லெந்து 40 நாள்தானே என்று கேட்பார்கள். நடுவில் உள்ள 6 ஞாயிறுகளை உபவாசக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 40ஆம் நாள் பரமேறிய வியாழன், 50ஆம் நாள் பெந்தெகொஸ்தே. 2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, சாம்பல் புதன் பிப்ரவரி 18. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10.

நம் ஊர்க்காரர்களுக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் பௌர்ணமி பங்குனிப் பௌர்ணமிதான். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி போகிற வாரத்தை ஒட்டியே, ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரமும் வந்துவிடும். சபைக் கணக்கின் பௌர்ணமி ஒரு சூத்திரத்தால் வருவது. வானத்து நிலவோடு ஒரு நாள் பிசகலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பீடத் துணியின் நிறம்: அட்வெந்துக்கும் லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, மற்ற நாள்களுக்குப் பச்சை.

சித்திரைத் திருவிழாவும் பரிசுத்த வாரமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது?

தள்ளாகுளம், கோரிப்பாளையம், வெளி வீதிகள் பக்கத்துச் சபைகளுக்கு இது வெறும் போக்குவரத்துக் கேள்வி அல்ல, ஆராதனை நடக்குமா என்கிற கேள்வி.

அந்தப் பௌர்ணமி ஏப்ரல் 14க்குப் பிறகு விழுந்தால் அது பங்குனியை விட்டுச் சித்திரைக்குள் போய்விடும். 2019இல் அப்படித்தான் ஆனது. ஏப்ரல் 18 பெரிய வியாழன். அன்றே மதுரையில் தேரோட்டம், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் அன்றே. தேரோட்டத்தை முன்னிட்டு வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. மறுநாள் பெரிய வெள்ளி விடியலில் அழகர் ஆற்றில் இறங்கினார். 2022இல் பெரிய வெள்ளியன்று தேர், மறுநாள் சனிக்கிழமை அழகர். ஈஸ்டர் தள்ளி வந்தாலே மோதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, ஆனால் பௌர்ணமி ஏப்ரல் 13. அதனால் அழகர் மே 12 அன்றுதான் இறங்கினார். 2030இல் ஈஸ்டர் ஏப்ரல் 21. அந்த ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே யோசியுங்கள்.

மோதும் ஆண்டில்: அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின எதிர்சேவை நாளின் மாலை ஆராதனையை 4 மணிக்கே தொடங்கி 5.30க்குள் முடியுங்கள். ஆற்றில் இறங்குவது விடியற்காலை என்பதால், பெரிய வெள்ளி நண்பகலில் தொடங்கும் மும்மணி ஆராதனைக்கு நேரடி இடைஞ்சல் குறைவு; ஆனால் பாலங்களில் 11 மணி வரை நகர முடியாது. வடகரைக் குடும்பங்கள் வடகரைச் சபையிலும் தென்கரைக் குடும்பங்கள் தென்கரைச் சபையிலும் அன்று கூடிக்கொள்ள இரண்டு கமிட்டியும் பேசி வைப்பது நல்லது. வெளியூர்ப் பிரசங்கியாரை முந்தின இரவே வரவழையுங்கள்.

வளாகத்தின் வாசலில் நீர்மோர் வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. ஆளுக்கு 200 மில்லி என்றால் 25 பேருக்கு வரும். துண்டுப்பிரசுரத்தை மட்டும் அன்று கையில் எடுக்க வேண்டாம். தாகத்துக்குக் கொடுக்கிற மோருக்கு விலை வைக்கக் கூடாது.

அறுப்பின் பண்டிகையை எந்த ஞாயிறு வைப்பது?

உங்கள் ஊர் வயலைக் கேளுங்கள். ஒரு பேராயருக்குக் கீழுள்ள சபைகள் சேர்ந்த திருமண்டலம் முழுவதற்கும் ஒரே நாள் என்பது இங்கே பொருந்தாது.

பெரியாறு பாசனத்தில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். நீர் இருப்பு நன்றாக இருந்தால் ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். முதல் போகம் புரட்டாசியில் அறுப்பாகும், இரண்டாம் போகம் தை, மாசியில். வாடிப்பட்டிப் பக்கத்துச் சபைகள் எதை வைத்துக்கொண்டாலும் சரி. மேலூர்ப் பகுதியும் திருமங்கலம் பிரதானக் கால்வாய்ப் பகுதியும் சேர்ந்து ஒருபோகம் 1,05,002 ஏக்கர். அங்கே செப்டம்பரில்தான் தண்ணீர். அறுப்பு தை மாதக் கடைசியிலிருந்து மாசி வரை. கடைமடை ஊர்களில் இன்னும் இரண்டு, மூன்று வாரம் தள்ளும். கள்ளிக்குடி, பேரையூர், தே.கல்லுப்பட்டி கரிசல் காடு வேறு கதை. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் தையில் கைக்கு வரும், பருத்தி மாசியில் வெடித்துப் பல எடுப்பாகப் பங்குனி வரை நீளும். கரிசல் சபை தை மாதம் பண்டிகை வைத்தால் பருத்திக்காரர் வெறுங்கையோடு வருவார்.

இதன் குறுக்கே சாம்பல் புதன் வந்து நிற்கும். 2027 போல அது பிப்ரவரி 10 என்றால், ஜனவரி 24, 31, பிப்ரவரி 7 ஆகிய மூன்று ஞாயிறுகள்தான் கையில். அதற்குள் அறுப்பு முடியாத ஊர் என்ன செய்யும்? லெந்து நடுவில் காணிக்கைப் பொருள்களின் ஏலமும் விருந்தும் வைப்பதைவிட, ஈஸ்டருக்குப் பிந்தைய இரண்டாம் ஞாயிற்றுக்குத் தள்ளுவது மேல். நெல் அதுவரை கெடாது. லெந்திலேயே வைத்தாக வேண்டும் என்றால் ஆராதனையையும் காணிக்கையையும் வைத்துக்கொண்டு விருந்தைத் தள்ளிப் போடுங்கள்.

அறுவடை இயந்திரம் வரும் வாரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஊருக்குள் நுழைந்துவிட்டால் ஞாயிறு என்று நிற்காது. வயற்காரரும் அதன் பின்னாலேயே போய்விடுவார்.

நகரத்துச் சபைக்கு வயலே இல்லையே, எதைப் படைப்பது?

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. அந்தக் கூடையில் உங்கள் உழைப்பின் பலன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தையற்காரர் ஒரு சட்டை, ஆட்டோ ஓட்டுநர் ஒரு நாள் சவாரி வருமானம், ஆசிரியர் ஒரு கட்டு நோட்டுப் புத்தகம், வேலைக்குப் போன பிள்ளை முதல் சம்பளத்தில் ஒரு பகுதி. மொட்டைமாடித் தொட்டியில் காய்த்த நாலு கத்திரிக்காய் பரவை மார்க்கெட்டில் வாங்கிய ஒரு மூட்டையைவிடப் பீடத்துக்குப் பொருத்தம். அதே அதிகாரத்தின் 11ஆம் வசனம் லேவியனையும் உன்னிடத்தில் தங்கும் பரதேசியையும் சேர்த்துச் சந்தோஷப்படச் சொல்கிறது. வடமாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர்களை அன்று பந்திக்கு அழைக்காத சபை அந்த அதிகாரத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறது.

ஏலம் விடுவதில் ஒவ்வொரு வருடமும் சண்டை. எப்படி ஒழுங்குபடுத்துவது?

சண்டைக்கு மூன்று காரணம்: கடனுக்கு ஏலம் எடுப்பது, குடும்பங்களுக்குள் வீம்பு, கணக்கு எழுதுகிறவர் ஒருவராகவே இருப்பது.

ஆசீர்வாதம் கூறி ஆராதனை முடிந்த பிறகு, ஆலயத்துக்கு வெளியே பந்தலில் ஏலம் தொடங்கட்டும். பீடத்தின் முன் வேண்டாம். முந்தின நாளே எல்லாப் பொருளுக்கும் எண் சீட்டுக் கட்டுங்கள். பதிவேட்டில் எண், பொருள், கொடுத்தவர், ஆரம்ப விலை, எடுத்தவர், தொகை, ரசீது எண் என்று ஏழு பத்தி. கூவுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், பணம் வாங்குகிறவர் ஒருவர். மூவரும் மூன்று வீட்டுக்காரராக இருக்க வேண்டும். உயிருள்ளவை முதலில் போகட்டும். கோழியைக் காலைக் கட்டி வெயிலில் நாலு மணி நேரம் போட்டு வைப்பது ஸ்தோத்திரம் ஆகாது. கூடையில் நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். அடுத்து கீரை, பூ, பால், பலகாரம். நெல், தேங்காய், பூசணி கடைசி.

ஒரு எலுமிச்சம்பழம் 5,000 ரூபாய்க்குப் போவதில் சபைக்கு வருமானம்தான். ஆனால் அதே பந்தலில் 50 ரூபாய்க்கு ஒரு தேங்காய் எடுக்க நினைத்தவர் கையைத் தூக்காமல் போய்விடுவார். இதற்கு நல்ல வழி, பொருள்களில் மூன்றில் ஒரு பங்கை ஏலத்திலிருந்து எடுத்துக் கட்டின விலைக்கு விற்பது. வீம்பு ஏறும்போது கூவுகிறவர் மூன்று தரம் சொல்வதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட வேண்டும். இன்னும் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பவரை அந்த வேலைக்குப் போடாதீர்கள்.

கடன் வேண்டவே வேண்டாம். பணம் கொடுத்தால்தான் பொருள். கையில் இல்லாதவர் வீட்டுக்குப் போய் எடுத்து வரும்வரை பொருள் எண் சீட்டோடு மேசையில் இருக்கட்டும். அடுத்த அறுப்பின் பண்டிகைவரை இழுக்கும் பாக்கிப் பட்டியலை ஆலயத்தில் வாசித்து ஒருவரை அவமானப்படுத்துவதைவிட, பொருளைக் கொடுக்காமல் இருப்பதே இரக்கம். அன்று மாலையே இரண்டு பேர் எண்ணி, கையெழுத்திட்டு, மறு வேலைநாளில் வங்கியில் கட்டிவிடுங்கள்.

பிடி அரிசிக் காணிக்கையை மறுபடி தொடங்கலாமா?

தொடங்கலாம். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. ஒரு பிடி சுமார் 40 முதல் 50 கிராம். நாளுக்கு இரண்டு உலை என்றால் மாதம் இரண்டரை முதல் மூன்று கிலோ. 40 வீடு சேர்ந்தால் 100 கிலோவுக்கு மேல். ஒரு சிறிய சபையின் விதவைகளுக்கும் முதியோருக்கும் இது பெரிய ஆதாரம்.

கெடுவது இரண்டு விதம். ஒன்று, வண்டு. கலயத்தில் காய்ந்த வேப்பிலை போட்டு, மாதம் தவறாமல் சேகரித்தால் போதும். மூன்று மாதம் விட்டால் மாவாகிவிடும். மற்றது, கலப்பு. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி ஒன்றாகக் கொட்டிவிட்டால் ஒன்று குழையும்போது மற்றது வேகாது, சோற்றுக்கு உதவாது. சேகரிக்கும்போதே புழுங்கல், பச்சை, இட்லி என்று மூன்று சாக்கு வையுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதா? கஞ்சிக் குருணையாக உடைத்துவிடுங்கள். வாங்குகிறவர் வீட்டு வாசலில் தராசு வைத்து நிறுக்காதீர்கள். பொட்டலம் போட்டு, மற்றவர்களுக்கும் ஏதாவது கொண்டு போவது போலப் போய்க் கொடுங்கள்.

அசன விருந்து 300 பேருக்கு. அளவு சொல்லுங்கள்.

சாம்பார் சாதம் அல்ல, சோறும் சாம்பாரும் என்றால்: அரிசி 40 கிலோ, துவரம்பருப்பு 7 கிலோ, சாம்பாருக்குக் காய் 15 கிலோ, புளி ஒன்றரைக் கிலோ, பொரியலுக்குக் காய் 20 கிலோ, அப்பளம் 350. ஆட்டுக்கறி பிரியாணி என்றால் சீரகச்சம்பா 37 கிலோ, அதே எடை கறி. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் என்று சமையற்காரர் சொன்னால் கடைசிப் பந்தி அழும்.

மதுரை வெயிலில் சாம்பார் ஊசிப்போவது ஏன்? காலை 5 மணிக்கு இறக்கி, சூட்டோடு மூடி, நண்பகல்வரை வைப்பதால். மூடியைச் சற்றுத் திறந்து ஆவி போக விடுங்கள். முடிந்தால் பருப்பையும் புளிக்கரைசலையும் தனித்தனியாகக் கொதிக்க வைத்து 10 மணிக்குச் சேர்த்து இறக்குங்கள். பொரியலுக்குத் தேங்காய்ப்பூவைப் பரிமாறப் போகும்போது தூவுங்கள், முதலில் கெடுவது அதுதான். பாயசத்தை எவர்சில்வர் அண்டாவில் வையுங்கள்.

முதல் பந்தியில் கை தாராளமாக ஓடும். ஆகையால் ஆறில் ஒரு பங்கு சோறும் கறியும் தனி அண்டாவில் கடைசிப் பந்திக்கென்று ஒதுக்கி, அறையில் பூட்டி, சாவியைப் பரிமாறாத ஒருவரிடம் கொடுங்கள். பந்தல் கட்டினவர், துப்புரவு செய்தவர், சமைத்தவர் எல்லோரும் சாப்பிடுவது அதில்தான். கறி சாப்பிடாத அக்கம்பக்கத்தாருக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி. ஒரே கரண்டியை மாற்றிப் போட்டுவிட்டு 'சைவம்தான்' என்று சொல்வது பொய்ச்சாட்சி.

இன்னொன்று. வரிசையில் வந்தவர் வந்த இடத்தில் உட்கார வேண்டும். இன்னார் தெருவுக்கு இந்தப் பக்கம் என்று பாய் விரிக்கும் வழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால், அதை ஒழிக்கும் வரை அந்தச் சபையில் திருவிருந்தைப் பற்றிப் பிரசங்கிக்க வேண்டாம்.

ஆடியில் விதை ஜெபம் வைக்கிறார்களே, அது வேதத்தில் உண்டா?

அந்தப் பெயரில் இல்லை. விதைப்பும் அறுப்பும் ஒழிவதில்லை என்கிற வாக்கு ஆதியாகமம் 8:22இல் இருக்கிறது. அறுப்புக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் விதைப்பின்போது வாய்மூடி இருக்கத் தேவையில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரில் ஆடி முதல் ஞாயிறும், கரிசலில் புரட்டாசி முதல் ஞாயிறும் பொருந்தும். வீட்டுக்கு ஒரு படி விதையைப் பீடத்தண்டை வைத்து, ஜெபித்து, திருப்பிக் கொண்டுபோய் விதைப்பில் கலந்துவிட வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. கடையில் வாங்கும் மக்காச்சோள, பருத்தி விதைகளில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள்; சிவப்பு, பச்சை, நீல நிறம் அதற்கு அடையாளம். அதைத் திறந்த தட்டில் வைத்தால் பிள்ளைகள் வாயில் போடும். பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள். அந்த விதையை ஏலத்துக்கோ சமையலுக்கோ ஒருபோதும் அனுப்பக் கூடாது.

மழை பொய்த்த வருடத்தில் என்ன பிரசங்கிப்பது?

முன்மாரி, பின்மாரி என்று யாக்கோபு 5:7 பேசுகிறது. பாலஸ்தீனத்தில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் இறங்கி உழவுக்கு நிலத்தை இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில் வந்து கதிரை முற்ற வைக்கும். மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சித்திரைக் கோடைமழையும் ஏறக்குறைய அதே மாதங்கள். அதனால்தான் இந்த வசனம் இலண்டனைவிட இங்கே நேரடியாகப் பாயும்.

ஆனால் பெந்தெகொஸ்தே அப்படியல்ல. அங்கே அது கோதுமை அறுப்பின் பண்டிகை. இங்கே அது பெரும்பாலும் கத்திரி வெயிலில் விழும். வயலில் தூசிதான் பறக்கும். அன்று அறுப்பைப் பற்றிப் பாடினால் சபை அந்நியமாகக் கேட்கும். அக்கினி நாவுகளைப் பற்றிச் சொல்லுங்கள், விசிறிக்கொண்டே கேட்பார்கள்.

வறட்சியில் 'இந்த வாரம் மழை பெய்யும்' என்று மேடையில் வாக்குக் கொடுக்காதீர்கள். பெய்யாவிட்டால் சபையார் தங்கள் விசுவாசத்தைக் குறை சொல்லிக்கொள்வார்கள். ஏற்கெனவே கடனில் இருப்பவருக்கு அது இன்னொரு பாரம். மழைக்கு ஜெபியுங்கள். கூடவே வளாகத்தின் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். புரட்டாசிக்குள் ஓட்டில் உள்ள சருகைத் தள்ளி, குழாயை உறைகிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள். முதல் மழையின் அழுக்கை மட்டும் வெளியே விட ஒரு வால்வு போதும்.

சாம்பல், குருத்தோலை, மும்மணி ஆராதனை: ஏற்பாடு என்ன?

சாம்பல் பூசும் வழக்கம் உள்ள சபைகளில், போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவைகளை முந்தின ஞாயிறு சேகரித்து, இரும்புச் சட்டியில் எரித்து, துணியில் சலியுங்கள். தண்ணீரில் குழைக்காதீர்கள். சாம்பலில் உள்ள காரம் தண்ணீரில் கரைந்து நெற்றியைப் புண்ணாக்கும். சில சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தால் பிடித்தும் நிற்கும், எரியாது.

குருத்தோலைக்கு இந்தப் பக்கம் தென்னங்குருத்து. ஒரு குருத்தில் இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 200 இதழ் வரும். 300 பேருக்கு இரண்டு குருத்து தாராளம். ஒரே மரத்தில் இரண்டு குருத்தை வெட்டாதீர்கள், மரம் தேறாது. சனிக்கிழமை மாலை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள்.

மும்மணி ஆராதனை 12க்குத் தொடங்கி 3க்கு முடிய வேண்டியது, பல இடங்களில் 4 ஆகிறது. கணக்கு இதுதான்: சிலுவையில் இயேசு சொன்ன ஏழு திருமொழிகளில் ஒன்றுக்குப் பாட்டு 4 நிமிடம், வாசிப்பு 1, செய்தி 12, மௌனம் 2, ஜெபம் 3, மொத்தம் 22. ஏழுக்கு 154. தொடக்கத்துக்கு 14, முடிவுக்கு 12. சரியாக 180. ஏழு பேர் பேசினால் ஒவ்வொருவர் கையிலும் '12' என்று எழுதின சீட்டைக் கொடுங்கள். முதல் திருமொழிக்காரர் 20 நிமிடம் எடுத்தால் ஏழாமவருக்கு அடக்கம்தான் மிஞ்சும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் உபவாசம் இருக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விழுந்து மயங்குவார். அவர்கள் வேறு எதையாவது விடட்டும், தொலைக்காட்சித் தொடரை விடுவது பலருக்கு இன்னும் கடினம்.

திருவிருந்து ரசத்தை நாமே செய்யலாமா?

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை இருக்க, இரசாயனப் பாட்டில் எதற்கு? ஒரு கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் 15 நிமிடம் வையுங்கள். தோல் வெடித்ததும் துணியில் வடிகட்டுங்கள். அந்தச் சாற்றை மறுபடி 5 நிமிடம் கொதிக்க விட்டு, கொதிநீரில் போட்டெடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். அரை லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். சிறு கிண்ணத்துக்கு 5 மில்லி என்றால் 100 பேருக்கு.

அலுமினியப் பாத்திரம் கூடாது, புளிப்பு அதைக் கரைத்து உலோக வாடை வரும். இரண்டாம் கொதியை விட்டுவிட்டால் தோலில் உள்ள ஈஸ்ட் வேலை செய்து பாட்டில் பொங்கும். குளிர்ப்பெட்டியில் அடியில் மணல் போல் படிந்தால் பயப்பட வேண்டாம், திராட்சையின் இயல்பான உப்புதான் அது. தெளிவை மட்டும் ஊற்றுங்கள்.

ஆலயத்தில் பொங்கல் வைக்கலாமா?

வைக்கலாம். எந்தப் பெயரால் நன்றி சொல்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால் போதும். பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு 200 கிராம், வெல்லம் ஒன்றரைக் கிலோ, நெய் கால் கிலோ. அரிசி முழுதும் குழைந்த பிறகே வெல்லப்பாகு. முன்னால் விட்டால் அரிசி அதோடு வேகாமல் விறைத்துப் போகும். ஆலயத்துப் பொங்கலை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டு நாள்களில் வைத்தால் இளைஞர் ஒருவரும் இருக்க மாட்டார்கள்; அடுத்த ஞாயிறு வையுங்கள்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் ஒரு இரவுக்கு எத்தனை வீடு?

வீட்டில் 8 நிமிடம், நடை 4 நிமிடம். மாலை 6 முதல் 10 வரை 20 வீடு. பட்டியலில் 35 எழுதிவிட்டு நள்ளிரவில் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. ஒரு டோலக்கும் நாலு நல்ல குரலும் போதும். தனியாக இருக்கும் முதியவர் வீடுகளை முதலில் வையுங்கள். வீட்டுக்கு வீடு கேக், காபி என்றால் ஆறாம் வீட்டில் குரல் போய்விடும். கடைசி வீட்டில் மட்டும் சிற்றுண்டி என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மல்லிகைதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மதுரை மல்லி பூத்துக் குலுங்குவது பங்குனி முதல் ஆனி வரை. மார்கழிப் பனியில் வரத்து சுருங்கி மாட்டுத்தாவணியில் விலை ஆயிரக்கணக்கில் ஏறும். செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை போதும். மல்லியை ஈஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லெந்திலும் ஆடியிலும் திருமணம் செய்யலாமா?

லெந்தில் திருமணம் வைப்பதில்லை என்பது சபை ஒழுங்கு. பாவம் என்று அல்ல. ஆடிக்கும் மார்கழிக்கும் சபையில் தடை ஏதும் இல்லை. மண்டபம் மலிவாகக் கிடைக்கும் மாதங்கள் அவை. மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண அறிக்கை வாசிக்க வேண்டும் என்பதால் ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் வரட்டும். 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் பொதுவிதிப்படி காலை 6க்கும் மாலை 7க்கும் இடையில் திருமணம் நடக்க வேண்டும். வரவேற்பு ஊர்வலம் இழுத்து 7ஐத் தாண்டிவிடாமல் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு.

ஊர்த் திருவிழாவுக்கு வரி கேட்கிறார்கள். கொடுப்பதா?

கிராமத்துச் சபைகளில் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இது. கொடுக்காவிட்டால் ஊரோடு பகை. கொடுத்தால் சிலருக்கு மனச்சாட்சி உறுத்தும். இரண்டு பக்கமும் நேர்மையான ஆட்கள் இருக்கிறார்கள்.

திருவிழா அறிவித்த பிறகு பேசப் போனால் காலம் கடந்துவிடும். ஒரு மாதம் முன்பே சபைப் பெரியவர் இருவர் அம்பலக்காரர் அல்லது ஊர்த்தலைவர் வீட்டுக்கு நேரில் போய், பூசைச் செலவுக்குத் தர மனச்சாட்சி இடம் தரவில்லை என்பதையும், தெருவிளக்கு, குடிநீர், ஊர் மடை பராமரிப்பு, பள்ளிக்கூடம் ஆகிய பொதுக் காரியத்துக்கு அதே தொகையைத் தருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னபடி அதே தொகையை, ரசீதோடு தரவும் வேண்டும். வரி கேட்கும்போது மட்டும் வேதம் பேசிவிட்டு, கண்மாய்த் தூர்வாரும் நாளில் ஒருவரும் மண்வெட்டி எடுக்காத சபைக்கு ஊரில் மரியாதை இருக்காது. மிரட்டலோ விலக்கி வைப்போ வந்தால் ஆயரும் திருமண்டலமும் வட்டாட்சியரும் உண்டு. ஆனால் முதல் நாளே புகார் மனுவோடு போகாதீர்கள்.

ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பங்குனியில் புல் காய்ந்து பஞ்சுபோல் கிடக்கும். அதன் நடுவே நூறு மெழுகுவர்த்தி. இரண்டு வாரம் முன்பே சீமைக்கருவேல முள்ளை வெட்டி அப்புறப்படுத்துங்கள், அங்கேயே போட்டு எரிக்காதீர்கள். பாம்பு ஒதுங்குவது அந்தக் குவியலில்தான். மெழுகுவர்த்தியை மணல் நிரப்பிய தட்டில் அல்லது சிரட்டையில் நிறுத்துங்கள். சூரிய உதயம் சுமார் 6.15, ஆராதனை 5 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பாட்டில் வெளிச்சம் வரும். வாசலில் இரண்டு குடம் தண்ணீர், இரண்டு கைவிளக்கு, முதியோருக்குப் பத்து நாற்காலி. கிளம்பும்போது ஒருவர் பின்தங்கி எல்லாத் திரியும் அணைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைப் பூட்ட வேண்டும்.